சார்ஜ் ஏறும்வரை எங்கே உட்காருவது?

மும்பை மாட்டுங்காவில் எனக்கொரு நோயாளி உண்டு. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 69. போன மழைக்காலத்தில் மார்க்கெட் வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த நாளிலிருந்து வாரம் மூன்று முறை அவர் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தேன். எலும்பு நன்றாகவே சேர்ந்தது. பிடி வலு மட்டும் பழையபடி திரும்பவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க இன்னும் பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிடுகிறார்.

ஆனால் கார் ஓட்டுகிறார். மின்சாரக் கார். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் கையில் வலு குறைந்தவர்களுக்கும் இதைவிடத் தோதான வண்டியை நான் பார்த்ததில்லை. கட்டுப் பிரித்த பத்தாவது வாரம் தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்திக சமாஜம் கோயிலுக்குப் போய்வந்தார். அன்று சாயங்காலம் அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. அடுத்த வாரம் போன் செய்தார்: "கொழந்தே, வண்டி ஓட்ட வந்துடுத்து. சார்ஜ் போடத்தான் ஆள் தேட வேண்டியிருக்கு."

கூடப் போய்ப் பார்த்தேன். கட்டணப் பார்க்கிங் ஒன்றில், சுவரோரமாக நிற்கும் டிசி சார்ஜர். அதன் 'கன்' என்கிற செருகும் கைப்பிடியைத் தொட்டிலிலிருந்து கழற்ற வேண்டும். கழற்றும்போதே பாதிக் கேபிளின் எடையும் கைக்கு வந்துவிடும். மணிக்கட்டை வெளிப்பக்கம் மடக்கி, உடம்போடு அணைத்து, கார் மூலைக்கு இழுத்து, துளைக்கு நேராகப் பிடித்து, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். மணிக்கட்டு முறிந்தவர்களிடம் எந்த அசைவைக் கடைசியாகச் செய்யச் சொல்வோமோ, அதே அசைவு. டீச்சர் இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை கன் தரையில் இடித்தது. நான் வாங்கிச் செருகினேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். செம்பூரில் குடியிருக்கிறேன். செம்பூர், சயான், தாராவி, மாட்டுங்கா என்று வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை தருவது என் தொழில். ஆலைப் புகை சூழ்ந்த மாகுல் பக்கத்துக் குழந்தைகளுக்கு நெஞ்சுச் சளி எடுக்கும் பயிற்சி கொடுக்கும்போதெல்லாம், என் வண்டியின் புகையும் அதில் சேர வேண்டாம் என்று தோன்றும். முதலில் மின்சார ஸ்கூட்டர் வாங்கினேன், அப்புறம் சின்னதாக ஒரு கார். எங்கள் ஹவுசிங் சொசைட்டி பழையது. பார்க்கிங்கில் சார்ஜர் வைக்கக் கேட்டு மூன்று கடிதம் கொடுத்தேன். பொதுக்குழுவில் பேசலாம் என்ற பதிலோடு நிற்கிறது. அதனால் நான் முழுக்க முழுக்கப் பொதுச் சார்ஜரை நம்பி ஓடுகிறவள். இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை வந்த வழி இதுதான்.

பெட்ரோல் பங்க் என்பது மூன்று நிமிட வேலை. இறங்கக்கூட வேண்டாம், ஆள் வந்து போட்டுவிடுவார். அப்படியிருந்தும் பங்க்கில் இலவசக் காற்று, குடிதண்ணீர், கழிப்பறை எல்லாம் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சார்ஜிங் வேறு கணக்கு. என் காரின் பேட்டரி சுமார் 30 யூனிட் பிடிக்கும். வீட்டில் கீசருக்குப் போடும் 15 ஆம்ப் பிளக்கில் போட்டால் பத்து மணி நேரம். டிசி சார்ஜரில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. மின்சார ஆட்டோவுக்கு ஏழெட்டு யூனிட் போதும், ஆனால் பெரும்பாலான ஆட்டோக்கள் அதே 15 ஆம்ப் பிளக்கைத்தான் கேட்கும், நாலு மணி நேரம் ஆகும். ஆகவே சார்ஜிங் நிலையம் என்று நாம் சொல்வது உண்மையில் மனிதர்கள் காத்திருக்கும் இடம். இயந்திரத்தை வாங்கி நிறுத்தியவர்கள் அந்த மனிதர் எங்கே உட்காருவார் என்று யோசிக்கவில்லை. பங்க்கில் இருந்த ஆளும் இங்கே இல்லை. அவருக்குப் பதில் ஒரு செயலி.

அந்தச் செயலியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொன்று, ஒவ்வொன்றிலும் முன்பணம் போட்டு வைக்க வேண்டும். சார்ஜர் இருப்பதோ அடித்தளப் பார்க்கிங்கின் மூன்றாம் நிலை. அங்கே போனில் சிக்னல் வராது, ஓடிபி வராது. மேலே ஏறி வந்து ஓடிபி வாங்கிக்கொண்டு கீழே இறங்கினால் நேரம் முடிந்திருக்கும். தெருவில் வெள்ளரிக்காய் விற்கிறவரிடம் யுபிஐ அட்டை இருக்கும் ஊரில் இதற்கு நியாயமே இல்லை. எல்லா நிலையங்களுக்கும் பொதுவாக ஒரே செயலி கொண்டுவரும் பொறுப்பை பிஎச்இஎல்-இடம் கொடுப்பது பற்றி 2025-ல் மத்திய அரசு பேசியது. சீக்கிரம் வரட்டும். வந்தாலும் அடித்தளத்தில் சிக்னல் வேண்டும்.

தாராவிக்கு வருகிறேன். 90 அடிச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் என் இன்னொரு நோயாளி இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். குர்லா, செம்பூர், பிகேசி பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார். சயானைத் தாண்டித் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது. சிஎன்ஜி வரிசையில் தினம் இரண்டு மணி நேரம் போவதைப் பொறுக்க முடியாமல் மின்சார ஆட்டோவுக்கு மாறினார். 2025 நவம்பரில் ஆர்சிஎஃப் உர ஆலை வளாகத்துக்குள் எரிவாயுக் குழாய் சேதமடைந்து மும்பை முழுக்க சிஎன்ஜி தட்டுப்பட்டபோது, அவர் சந்தில் ஓடியது அவர் வண்டி ஒன்றுதான். ஆனால் நாலு மணி நேர சார்ஜிங் அவர் முதுகை வாங்கிவிட்டது. வண்டியின் பின்சீட்டில் உடம்பைச் சுருட்டிப் படுப்பார். இடுப்பின் கடைசி வட்டுக்கு இதைவிடக் கெடுதலான படுக்கை இல்லை. "வண்டிக்கு ஏறுததுக்குள்ள எனக்கு எறங்கிருது, டாக்டரம்மா" என்றார்.

பக்கத்திலேயே பளபளவென்று ஒரு சார்ஜிங் நிலையம் வந்திருக்கிறதே அண்ணாச்சி, அங்கே போகலாமே என்று கேட்டேன். "அங்க நம்ம வண்டிக்குச் சொருக எடம் கெடையாதே" என்றார். போய்ப் பார்த்தேன்; உண்மைதான். இருந்ததெல்லாம் கார்களுக்கான சிசிஎஸ்-2 கன். ஆட்டோவுக்கு ஒரு பிளக் இல்லை, ஸ்கூட்டருக்கு ஒரு பிளக் இல்லை. நூறு ரூபாய் சாமான் அது.

மும்பையில் மின்வண்டியை வயிற்றுப்பாட்டுக்கு ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு சக்கரத்திலும் மூன்று சக்கரத்திலும்தான் இருக்கிறார்கள். சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள், பார்சல் ஆட்டோக்கள், இப்போது பைக் டாக்சியும். 2025-ல் மகாராஷ்டிர அரசு பைக் டாக்சிக்கு விதி வகுத்தபோது மின்சார வண்டிக்கு மட்டும்தான் அனுமதி என்றது. நம் ஓசூர், போச்சம்பள்ளித் தொழிற்சாலைகளில் செய்த ஸ்கூட்டர்கள் இந்த ஊர்ச் சந்துகளில் நிறைந்து நிற்கின்றன. இரவானால் மாடி ஜன்னலிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் இறங்கி, துணிக்கொடியோடு பின்னிக்கொண்டு, வாசலில் நிற்கும் வண்டிக்கு வருகிறது. மழையிலும் வருகிறது. அந்த வயருக்கு அடியில்தான் குழந்தைகள் படுத்திருக்கிறார்கள்.

மத்திய மின்துறை 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2030-க்குள் நகரங்களில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு நிலையமாவது இருக்க வேண்டும் என்று இருக்கிறது. வரவேற்கிறேன். தாராவியின் பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்தக் கணக்குப்படி லட்சக்கணக்கான ஜனங்கள் வாழும் தாராவிக்கு இரண்டு அல்லது மூன்று நிலையம். மாளிகையும் தோட்டமுமாக இருக்கும் பகுதிக்கும் அதே அளவு. நிலத்தை அளந்து வைப்பதைவிட வண்டிகளை எண்ணி வைப்பதுதான் சரி. தாராவி மறுசீரமைப்புக்கான முழுத்திட்டம் 2025 மே மாதம் ஒப்புதல் பெற்றது. எத்தனை மாடி, யாருக்கு எவ்வளவு சதுர அடி என்று ஆயிரம் வாதம் நடக்கிறது, நடக்கத்தான் வேண்டும். அதனோடு இந்தக் கேள்வியையும் சேர்க்கச் சொல்கிறேன்: இரவில் ஆட்டோவும் டெம்போவும் டெலிவரி ஸ்கூட்டரும் எங்கே நிற்கும், எந்தப் பிளக்கில் சார்ஜ் ஏறும்? கட்டடம் எழும்பிய பிறகு கேட்டால் மறுபடியும் ஜன்னல் வழியே வயர்தான் இறங்கும்.

அண்ணாச்சி இப்போது சார்ஜ் போடும் இடத்தைச் சொல்ல வேண்டும். செம்பூர் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. நடத்துவது ஒரு அக்கா. கடைக்குப் பின்சுவரில் மரப்பலகை அடித்து அதில் நாலு பிளக், நாலுக்கும் தனித்தனி சுவிட்ச். மணிக்கு இவ்வளவு என்று பேச்சு. சார்ஜிங் நிலையம் நடத்த உரிமம் தேவையில்லை என்று 2018 ஏப்ரலிலேயே மின்துறை சொல்லிவிட்டது. அக்காவுக்கு அது தெரியாது. அவர் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். யாருக்கு முடிந்தது, யார் அடுத்து என்று கணக்கு அவர் தலையில் இருக்கிறது. நீளமான பெஞ்ச் இருக்கிறது, அதில் கால் நீட்டிப் படுக்கலாம். தெரு விளக்கு நேர் மேலே. இருபது அடியில் சுலப் கழிப்பறை. நான் போன எந்த நிலையத்திலும் இத்தனையும் ஒருசேர இருந்ததில்லை. வயரிங்தான் எனக்குப் பயம். எர்த் சரியாக இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மழைக்கு ஒரு பாலித்தீன் தாள்தான் மறைப்பு. அந்தப் பலகைக்கு நல்ல மீட்டரும், கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்சும், தண்ணீர் புகாத பெட்டியும் கொடுத்துவிட்டால் அது முதல்தர நிலையம். இப்படி உதவி செய்ய ஒரு திட்டம் போடுவது அரசுக்குப் பெரிய காரியமா? பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கென்றே ரூ.2,000 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஒரு சிறு பங்கு டீக்கடை, பஞ்சர் கடை, பெட்டிக்கடைச் சுவர்களுக்கும் வர வேண்டும்.

பெண்கள் காத்திருப்பது தனிக் கதை. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011-ல் எழுதிய 'வொய் லாய்ட்டர்?' என்ற புத்தகம், பொது இடத்தில் ஒரு பெண் காரணமில்லாமல் நிற்க இந்த ஊர் விடுவதில்லை என்று காட்டியது. ஆண் டீக்கடையில் ஒரு மணி நேரம் சும்மா நிற்கலாம். பெண் கையில் பையோடும் காதில் போனோடும் எங்கோ போய்க்கொண்டிருப்பவளாகத் தெரிய வேண்டும். சார்ஜ் ஏறும் நேரம் அப்படிச் சும்மா நிற்கும் நேரம். ஒரு நாள் இரவு ஒன்பதரைக்குக் கடைசி நோயாளியை முடித்துக்கொண்டு, 14 சதவீதத்தோடு ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்துக்குப் போனேன். செருகியதும் திரை 52 நிமிடம் என்றது. பத்து மணிக்கு விளக்குகளில் பாதி அணைந்தன. கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். காரின் நாலு கதவையும் பூட்டிக்கொண்டு, ஏசி போட்டால் சார்ஜ் இன்னும் இழுக்கும் என்று கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைத்து, 52 நிமிடமும் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நான் இரவில் அங்கே போனதில்லை.

பொதுக் கழிப்பறைக்காக மும்பைப் பெண்கள் 2011-ல் 'ரைட் டு பீ' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதைத் தாங்கி நின்ற கோரோ அமைப்பு எங்கள் செம்பூரில் இருக்கிறது. தெருவில் வேலை பார்க்கும் பெண்களின் அந்தக் கோரிக்கையை, தெருவில் வண்டி ஓட்டும் பெண்களுக்கும் நீட்டிக்கிறேன். டெலிவரிக்குப் போகும் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பலர் பேட்டரி மாற்றும் வண்டி வைத்திருக்கிறார்கள். தீர்ந்த பேட்டரியை அலமாரியில் வைத்து, நிறைந்ததை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இரண்டு நிமிட வேலை, நல்ல யோசனை. ஆனால் அந்தப் பேட்டரி பத்துக் கிலோ இருக்கும், அலமாரியின் மேல் அறை தோளுக்கு மேலே. ஐந்தடி உயரமுள்ள பெண் ஒரு நாளைக்கு மூன்று முறை அதைத் தலைக்கு மேலிருந்து இறக்கினால் ஆறே மாதத்தில் என்னிடம் வருவாள். வந்திருக்கிறாள். காலியான மேல் அறையை விட்டுவிட்டு இடுப்பு உயர அறையை முதலில் திறக்கும்படி அந்த இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுப்பது ஒரு நாள் வேலை.

உயரம் என்றதும் மும்பைக்கே உரிய ஒரு சிக்கல். கிங்ஸ் சர்க்கிளில், காந்தி மார்க்கெட் முன்னால், கனமழை பெய்தால் முழங்கால் தண்ணீர். அதனால் சார்ஜரை மேடை கட்டி அதன் மேல் நிறுத்துகிறார்கள். செய்யத்தான் வேண்டும், 2005 ஜூலை 26-ல் ஒரே நாளில் 944 மி.மீ. மழையைப் பார்த்த ஊர். ஆனால் மேடை உயர்ந்தால் திரையும் கன்னும் சேர்ந்து உயர்கின்றன. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் திரையில் வானம்தான் தெரியும். போலியோவால் கால் பாதிக்கப்பட்ட என் நண்பர் ஒருவர் இணைப்புச் சக்கரம் பொருத்திய மின்சார ஸ்கூட்டரில் வங்கி வேலைக்குப் போகிறார். நிலையத்தில் ஸ்கூட்டருக்கு விட்டிருக்கும் இடைவெளியில் அவர் வண்டி நுழையவே நுழையாது. மேடையின் படியில் ஊன்றுகோலை வைக்க இடமில்லை.

தீர்வு இல்லாத சிக்கல் அல்ல. மின்பெட்டி மேலே இருக்கட்டும். கன்னையும் திரையையும் உட்கார்ந்த கைக்கு எட்டும் உயரத்தில் தனியாக வைக்கலாம். கேபிளை மேலிருந்து ஸ்பிரிங் கையில் தொங்கவிட்டால் அதன் எடையைக் கம்பம் தாங்கிக்கொள்ளும், டீச்சரின் மணிக்கட்டு தாங்க வேண்டாம். படிக்குப் பதில் சரிவு. பிரிட்டனில் 2022 அக்டோபரில் 'பாஸ் 1899' என்று ஒரு தரநிர்ணயமே வெளியிட்டார்கள்: எட்டும் உயரம், கேபிளைக் கையாளும் எளிமை, வண்டியைச் சுற்றி விட வேண்டிய இடம் எல்லாம் அதில் உண்டு. நம் நாட்டில் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அணுகல் வசதியை வெறும் பரிந்துரையாக வைக்காமல் கட்டாய விதியாக்கச் சொல்லி 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சார்ஜிங் நிலையங்கள் இப்போதுதான் முளைக்கின்றன. இடித்துக் கட்டத் தேவையில்லாத காலம் இது.

நல்ல இடம் எப்படி இருக்கும் என்று தெரிய நாம் பிரிட்டனுக்குப் போக வேண்டியதில்லை. மாட்டுங்கா மேம்பாலத்துக்கு அடியில் ஒரு தோட்டம் இருக்கிறது, நானாலால் மேத்தா பெயரில். முன்பு அங்கே கண்டபடி வண்டிகள் நின்றன, குப்பை சேர்ந்தது. அந்தப் பகுதி மக்கள் விடாமல் முயன்று மாநகராட்சியைக் கொண்டு அதைத் தோட்டமாக்கினார்கள்; 2016-ல் திறந்தது. நர்மதை நதி வளைவதைப் போல நடைபாதை வளைந்து போகிறது. இரவில் வயதானவர்கள் நடக்கிறார்கள், பெண்கள் தனியாக உட்கார்ந்து பேசுகிறார்கள். இரண்டு பக்கமும் லாரியும் பஸ்ஸும் போகிற இடம் அது. விளக்கு, காவலாளி, உட்கார இருக்கை, சுற்றிலும் மனித நடமாட்டம்: இவ்வளவுதான் செய்தார்கள். டீச்சர் தன் கைப்பயிற்சியை அங்கே உட்கார்ந்துதான் செய்வார், ரப்பர் பந்தை அமுக்கியபடி.

இதைச் செய்ய எல்லாத் தகுதியும் உள்ள நிறுவனம் நம்மிடமே இருக்கிறது. பெஸ்ட். 1905-ல் மின்சாரமும் டிராமும் சேர்ந்தே நடத்தத் தொடங்கிய கம்பெனி. இன்றும் மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் கரண்ட் கொடுப்பது அதுதான், பஸ் ஓட்டுவதும் அதுதான். சயானைத் தாண்டிச் செம்பூர் வந்தால்தான் கரண்ட் பில் வேறு கம்பெனிக்கு மாறுகிறது. அசோக் லேலண்டின் ஸ்விட்ச் நிறுவனம் செய்த மின்சார இரட்டை மாடி பஸ்களை 2023-ல் ஓடவிட்டது பெஸ்ட். மின்வண்டியும் தெரியும், கம்பியும் தெரியும், நிழற்குடையில் மக்களை நிற்க வைக்கவும் தெரியும். தாராவியில் அதற்கு டிப்போ இருக்கிறது: சுற்றுச்சுவர், காவலாளி, கழிப்பறை, இரவு முழுக்க விளக்கு. அந்தச் சுவரின் தெருப்பக்கம் நாற்பது 15 ஆம்ப் பிளக், ஒரு கூரை, நீளமான பெஞ்சுகள், சம்பளத்துக்கு இரண்டு ஆட்கள். அந்த ஆட்களில் ஒருவராவது தாராவிப் பெண்ணாக இருக்கட்டும். நம் மாட்டுங்கா ரயில் நிலையத்தை 2017 ஜூலையிலிருந்து பெண் ஊழியர்களே முழுக்க நடத்துகிறார்கள். இந்தியாவில் முதல் நிலையம் அது. அங்கே இரவில் இறங்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆள் வைத்தால் செலவு என்பார்கள். டீக்கடை அக்காவுக்கு எது கட்டுப்படியாகிறதோ அது பெரிய கம்பெனிக்கும் கட்டுப்படியாகும் என்பது என் எண்ணம். ஆள் இருந்தால் பெட்ரோல் கார்கள் சார்ஜிங் இடத்தை அடைத்து நிற்காது. கேபிள் அறுந்து கிடக்காது. கன் செருக முடியாதவருக்குச் செருகிக் கொடுக்க ஒரு கை இருக்கும்.

டீச்சருக்கு அப்படி ஒரு கை இப்போதைக்குக் கிடைத்திருக்கிறது. அந்தக் கட்டணப் பார்க்கிங்கின் பகல் காவலாளி, பிகார்க்காரர். "மாஜி, நீங்கள் உட்காருங்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டு அவரே கன்னைச் செருகுகிறார், எடுக்கும்போதும் வருகிறார். அது அவர் வேலையில் சேராது; யாரும் அதற்குக் காசு கொடுப்பதில்லை, டீச்சர் கொடுத்தாலும் வாங்குவதில்லை. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி என்று இருவருக்கும் ஒரு வழக்கம் ஆகிவிட்டது. போன செவ்வாய் அவர் ஊருக்குப் போயிருந்தார். புதிதாக வந்தவர் கேபினை விட்டு எழுந்திருக்கவில்லை. டீச்சர் காரை அப்படியே திருப்பி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, கோயிலுக்கு டாக்சியில் போனார்.